பூனைக்குக் கறி வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த பூனை உணவுக் குறிப்பில், கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, சோறும் கேரட்டும் சேர்த்துப் பிசைந்து வைக்கச் சொல்லியிருந்தது. வெங்காயம், பூண்டு கூடாது என்றது சரி. இரண்டுமே பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்; குழம்பில் வெந்த கறியைக் கழுவிப் போட்டாலும் ஆபத்துதான். ஆனால் வடித்துக் கொட்டச் சொன்ன தண்ணீரில்தான் விஷயமே இருக்கிறது.

டாரின் என்ற அமினோ அமிலத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவுக்குத் தயாரிக்காது, கறியிலிருந்துதான் வரவேண்டும். குறைந்தால் இதயத்தசை தளர்ந்து இதயம் பெருத்துவிடும், விழித்திரை கெடும். இதயநோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பு 1987இல்தான் தெளிவானது. டாரின் சூட்டில் அழிவதில்லை, தண்ணீரில் கரைந்து இறங்கிவிடுகிறது. நெஞ்சுக்கறியில் அது ஏற்கெனவே சொற்பம்; தொடைக்கறியிலும் இதயத்திலும் அதிகம்.

கேரட்டால் பலனில்லை. அதிலுள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றப் பூனைக்கு வராது, ஈரல்தான் வேண்டும். அதற்காக தினமும் ஈரலாகவே போட்டால் கழுத்தெலும்புகள் ஒட்டி இறுகிப்போகும்.

குறிப்பில் அறவே விட்டுப்போனது சுண்ணாம்புச்சத்து. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்பு சொற்பம். அதையே தின்று வளரும் குட்டி தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். சோபாவிலிருந்து குதித்தாலே கால் ஒடியும். சமைத்த எலும்பைப் போட்டு ஈடுகட்டவும் முடியாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

சரியான முறை இது: தோலைப் பாதி நீக்கிய, எலும்பில்லாத தொடைக்கறி 1 கிலோ, கோழி இதயம் 100 கிராம், ஈரல் 50 கிராம். பொடியாக நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் மூடிபோட்டு வேகவிடுங்கள். வெந்ததும் 2 முட்டையை அடித்து ஊற்றிக் கிளறி இறக்குங்கள். நன்றாக ஆறியபின் தட்டையாக ஒரு டீஸ்பூன் (5 கிராம்) முட்டை ஓட்டுப் பொடி, 2 கிராம் டாரின், கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் பி காம்ப்ளக்ஸ் ஆகியவற்றைச் சாறோடு கலக்குங்கள். சூட்டில் சேர்த்தால் பி காம்ப்ளக்ஸிலுள்ள தயமின் (வைட்டமின் பி1) வீணாகும். ஓட்டைக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, காயவைத்து, மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். நறநறவென்றிருந்தால் சரியாக உடம்பில் சேராது, பூனையும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

நான்கு கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி, அதாவது இந்தக் கலவையில் ஏறத்தாழ 150 கிராம் போதும். ஃபிரிட்ஜில் இரண்டு நாள், அதற்கு மேல் ஃப்ரீசரில். வெதுவெதுப்பாக வைத்தால் வாசனைக்கே வரும்.

இதுவும் முழு உணவல்ல. அயோடின், துத்தநாகம், வைட்டமின் டி, ஈ இன்னும் குறைகின்றன. 2019இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தார் 114 வீட்டுக் குறிப்புகளை அலசியபோது, எல்லாச் சத்தும் நிறைந்தது ஒன்றுகூட இல்லை. மருத்துவர் தரும் சத்துக் கலவை சேர்த்தால்தான் தினமும் தரலாம். இல்லையேல் வாரத்தில் ஓரிரு வேளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பால்சோறும் கருவாடும் தின்றே அந்தக் காலத்துப் பூனைகள் வாழவில்லையா என்பார்கள். அவை எலியையும் ஓணானையும் எலும்பு, ஈரல், குருதியோடு தின்றன. நாம் போட்ட சோறு உபரி. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் எலிக்கு எங்கே போகும்? பசும்பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றுப்போக்குதான். மீன் தருவதானால் மத்தி, நெத்திலியைப் பச்சையாகப் போடாதீர்கள். அவற்றிலுள்ள ஒரு நொதி தயமினை அழித்துவிடும், பூனை தலையைத் தொங்கப்போட்டு வலிப்பில் விழும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும்.

உணவை ஒரேயடியாக மாற்றவும் வேண்டாம். பழைய தீனியில் கால்பங்கு கலந்து தொடங்கி, பத்து நாளில் மாற்றுங்கள். 'பசித்தால் தானே தின்னும்' என்று விடுவது நாய்க்குச் சரிப்படலாம். பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறிக் காமாலை கண்டுவிடும். முழுதாக ஒரு நாள் தொடாவிட்டால் பழைய தீனியையே வையுங்கள், அதையும் மறுத்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி