அக்காவுக்கு: வருட வார்த்தை பற்றி

டிரெஸ்டன்
2025 டிசம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறதா? இங்கே ஜெர்மனியில் நான் நலம். நேற்று ஆட்வென்ட், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின காத்திருப்புக் காலத்தின், முதல் ஞாயிறு. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஆனால் எந்தத் தெருவில் நடந்தாலும் ஜன்னலிலும் கோயில் வாசலிலும் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் எரிகிறது. நம்மூரில் கட்டுகிற ஐந்து முனை நட்சத்திரம் மாதிரி இல்லை. 25 கூர்கள், எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஹெர்ன்ஹூட் ஊரைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்த முறை, புது வருடத்துக்கென்று தட்டிலிருந்து எடுக்கிற வாக்குத்தத்த வசன கார்டுக்குப் பதிலாக, வருடம் முழுக்கப் பிடித்துக்கொள்ள ஆளுக்கொரு வார்த்தை தேர்ந்தெடுக்கலாமா, அங்கே என்ன வழக்கம் என்று கேட்டிருந்தீர்கள். இங்கே இரண்டு வழக்கம் இருக்கிறது. ஒன்று சீட்டுப் போட்டு வசனம் எடுப்பது, இன்னொன்று கமிட்டி கூடித் தேர்ந்தெடுப்பது.

சீட்டு ஹெர்ன்ஹூட்டின் வழக்கம். டிரெஸ்டனுக்குக் கிழக்கே, போலந்து, செக் எல்லைப் பக்கம் இருக்கிற சின்ன ஊர். மொராவியாவிலிருந்து விசுவாசத்துக்காக ஓடிவந்தவர்கள் 1722ல் சின்சென்டோர்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறி உண்டாக்கியது. 1728 மே 3 அன்று சாயங்காலக் கூட்டத்தில் அவர் மறுநாளுக்கென்று ஒரு வாசகம் கொடுத்தார். பிறகு அதுவே தினசரி வழக்கமாகி, காலையில் ஒரு சகோதரர் ஊரிலிருந்த 32 வீட்டுக்கும் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவார். 1731லிருந்து வருடா வருடம் புத்தகமாக வருகிறது. இன்று வரை நிற்கவில்லை. பெயர் லோசுங்கன். சுமார் 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை கூடி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எண்ணை எடுப்பார்கள். அதுவும் மூன்று வருடத்துக்கு முன்பே. எடுத்த வசனத்துக்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தை மட்டும் ஆள் வைத்துத் தேடிச் சேர்ப்பார்கள். அதற்கடியில் ஒரு பாட்டு அல்லது ஜெபம்.

இந்தச் சின்சென்டோர்ஃப் சிறுவனாக ஹாலே என்ற ஊர்ப் பள்ளியில் படித்தபோது, அங்கிருந்து மிஷனரிமார் போன தரங்கம்பாடி மிஷனின் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். அவருடைய ஆட்களே 1760ல் தரங்கம்பாடிக்கு வந்து குடியிருந்தார்கள். நம் பக்கத்துச் சபை சரித்திரத்தில் அவர்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்பது வேறு கதை. அங்கே ஏற்கெனவே இருந்த ஹாலே மிஷனரிமாருக்கும் இவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை.

கமிட்டி வழக்கம் புதியது. ஓட்டோ ரீட்மூல்லர் என்ற சபைப் போதகர் வாலிபப் பெண்கள் ஊழியத்தில் இருந்தவர். தெருவெல்லாம் கட்சிக் கோஷமாக இருந்த 1930ல், பிள்ளைகள் வாயில் வேறொரு வாசகம் இருக்கட்டும் என்று வருடத்துக்கு ஒரு வசனம் கொடுக்கத் தொடங்கினார். முதல் வசனம் ரோமர் 1:16, சுவிசேஷத்தைக் குறித்து வெட்கப்படேன் என்பது. இப்போது பிராட்டஸ்டன்ட், கத்தோலிக்க வேதவாசிப்பு அமைப்புகள் சேர்ந்து அதைத் தேர்ந்தெடுக்கின்றன. சில வருடங்களுக்கு முன்பே உட்கார்ந்து வாதாடி முடித்துவிடுவார்கள். வசனம் சின்னதாக இருக்க வேண்டும், வேதத்தின் நடுநாயகமான செய்தியைச் சொல்ல வேண்டும், கேட்கிறவனைத் தேற்ற வேண்டும் அல்லது உலுக்க வேண்டும். 2020க்கு வந்த வசனம் மாற்கு 9:24, “என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.” அதைத் தேர்ந்தெடுத்தபோது கொரோனா என்ற பேச்சே உலகத்தில் இல்லை.

இரண்டு வழக்கத்திலும் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். அந்த வருடம் நமக்கு என்ன ஆசையோ அதைக் கேட்டு யாரும் வசனம் கொடுப்பதில்லை. நம் பக்கத்தில் கார்டுத் தட்டு வரும்போது நடப்பது உங்களுக்கே தெரியும். “பாடு”, “உபத்திரவம்” என்று வந்தால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டு இன்னொன்று எடுப்பார்கள். கார்டு அடிக்கிறவரும் ஆள் மனசறிந்து ஆசீர்வாத வசனமாகவே அடிப்பார். ஆளுக்கொரு வார்த்தை என்று மாற்றினாலும் இதே நோய் கூடவே வரும். பாதிப் பேர் “ஆசீர்வாதம்”, மீதிப் பேர் “சமாதானம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

குறி பார்க்கிற ஆசை இவர்களுக்கும் இல்லாமலில்லை. டிசம்பர் 31 ராத்திரி கரண்டியில் ஈயத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றுவார்கள். அது உறைகிற வடிவத்தைப் பார்த்து வருடம் எப்படி என்று சொல்வார்கள். ஈயம் விஷம் என்று 2018ல் தடை வந்தபிறகு மெழுகிலும் தகரத்திலும் செய்கிறார்கள். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பது இதற்கு அதிக தூரத்தில் இல்லை என்பது என் எண்ணம். ஹெர்ன்ஹூட்காரர்களே ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் சீட்டுப் போட்டார்கள். 1818ல் சாதாரண சபையாருக்கு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், நல்லவேளை. தினம் வாசிக்க வசனம் எடுப்பதோடு சீட்டு நிற்கட்டும்.

இனி உங்கள் சங்கத்துக்கு. இப்போதே தொடங்கினால் நாலு வாரம் கிடைக்கும். 31ஆம் தேதி ராத்திரி ஆராதனையில் உட்கார்ந்து யோசித்தால் மனசில் முதலில் வருவதுதான் கிடைக்கும்.

முதல் வாரம் யாரும் வார்த்தையைத் தேடவே வேண்டாம். போன வருடம் எதற்காக அடிக்கடி ஜெபித்தோம், எதில் திரும்பத் திரும்ப இடறினோம் என்று ஒரு தாளில் பத்து வரிக்குள் எழுதட்டும். அது அவரவர் வேதப்புத்தகத்துக்குள்ளேயே இருக்கட்டும், யாரும் படிக்கக் கூடாது. அடுத்த வாரம் ஒரே ஒரு பகுதியை எடுத்து எல்லாரும் வாசிக்க வேண்டும். வசனமாக அல்ல, அதிகாரமாக. அதில் மனசில் நிற்கிற வசனத்தைக் கையால் எழுதிக்கொண்டு, யார் யாரிடம் சொன்னது, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் குறிக்கட்டும். பாதிப் பிழை இங்கேயே தெரிந்துவிடும்.

எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள், தேவன் நம்மேல் நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனம். நம் ஊர்க் காலண்டரில் அது இல்லாத வீடு இல்லை. அந்த அதிகாரமே பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். 11க்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. கேட்டவர்களில் பலர் திரும்பிவந்திருக்கவே முடியாது. ஏழாம் வசனம் அவர்களிடம் ஒரு வேலை கேட்கிறது: இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு, அதற்காக ஜெபி. இங்கே வந்திருக்கிற நம் ஆட்களுக்கு 11ஐ விட 7தான் பொருத்தம். அந்தத் “தேடு” இந்த ஊரில் மிகச் சாதாரணமான வேலை. கண்ணாடிப் போத்தலை நிறம் பார்த்துப் பிரித்துப் போடுவது, ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் குறைப்பது, படியில் எதிர்ப்படுகிற கிழவியின் பையை வாங்கிக்கொள்வது. சபையார் கட்டுகிற சபை வரியையும் சேர்த்துக்கொள்ளலாம். டிரெஸ்டன் இருக்கிற சாக்சனி மாநிலத்தில் ஒன்பது சதவீதம். சம்பளத்தில் அல்ல, வருமான வரியில் ஒன்பது. அம்மா பயப்பட வேண்டாம்.

மூன்றாவது வாரம்தான் வார்த்தை. “பொறுமை”, “அன்பு”, “விசுவாசம்” எல்லாம் பெரிய பெட்டிகள், எதையும் உள்ளே போட்டுக்கொள்ளலாம். “காத்திரு”, “கேள்”, “கொடு”, “மன்னி” என்று செய்கிற வார்த்தையாக எடுக்கச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்த வார்த்தைப்படி நான் என்ன செய்வேன் என்று கேட்டுப் பார்க்கட்டும். பதில் வரவில்லை என்றால் வேறு வார்த்தை. ஆளுக்கு ஒன்றுதான். இரண்டு எடுத்தால் பிப்ரவரிக்குள் சுலபமானதுதான் மிஞ்சும். வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பார்ப்பதும் நல்லது, அவர்களுக்குத்தான் நம் குறை தெரியும். ஆனால் புருஷனுக்கும் பிள்ளைக்கும் நாமே வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. “கீழ்ப்படி” என்று மகனுக்கு எடுத்துவைக்க நம் சங்கத்தில் இரண்டு பேர் இப்போதே தயாராக இருப்பார்கள்.

2026க்கு இங்கே வந்திருப்பது வெளிப்படுத்தல் 21:5, “இதோ, நான் சகலத்தையும் புதிதாக்குகிறேன்.” நீங்களும் இதை எடுக்கலாம், ஆனால் கவனம் வேண்டும். புது வருடத்தில் இதை வாசித்தால் புது வீடு, புது வேலை என்றுதான் மனசு ஓடும். புதிதாக்குகிறவர் அவர், நாம் அல்ல. அதற்கு முந்தின வசனத்தில் கண்ணீர் துடைக்கிறார், மரணம் இல்லை என்கிறார். அதே ஐந்தாம் வசனத்தின் கடைசியில் யோவானிடம் ஒரு வேலையும் சொல்கிறார்: “இவைகளை எழுது.” கார்டில் யாரும் அதுவரை அடிக்க மாட்டார்கள். சங்கத்துக்கு “எழுது” என்பதையே வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு வரி, தன் வீட்டில் அல்லது தெருவில் தேவன் புதிதாக்கினது ஒன்று. நாற்பது பக்க நோட்டு போதும்.

எழுதின வார்த்தையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பூஜை அறை மாதிரி சுவரில் உயரத்தில் மாட்டினால் ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அரிசி டப்பா மூடி, பர்ஸ், போனில் அலாரத்தின் பெயர், இப்படிக் கை படுகிற இடம் நல்லது. மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணைக்கு முந்தின சனிக்கிழமை அந்தத் தாளை எடுத்துப் பார்க்கட்டும். சங்கத்தில் வரிசையாக எழுப்பிச் சாட்சி கேட்காதீர்கள், கேட்டால் ஜோடித்துச் சொல்வார்கள். வருட நடுவில் வார்த்தை கசந்தாலும் மாற்ற வேண்டாம். ஒருவேளை அப்போதுதான் அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

கார்டும் அடிப்பதாக இருந்தால் வசன எண்ணை இரண்டு பேர் தனித்தனியாக வேதத்தில் திறந்து பார்த்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள். 1 யோவானும் யோவானும் மாறிப்போனால் நாறிவிடும். சபை ஐயரவர்களிடமும் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கார்டு இல்லை என்று 31ஆம் தேதி ராத்திரி அவர் கேள்விப்படக் கூடாது.

அத்தானுக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு நட்சத்திரம் ஒன்று அனுப்புகிறேன். காகிதத்தில் வருவது, கூர்களை நாமே சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கிழியும், பெரியவனையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி