வயிற்றுப்போக்குப் பரவலில் மரபணுச் சோதனையும் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பெய்ததும் ஏதாவது ஓர் ஊரில் குடிநீரில் கழிவுநீர் கலந்து வயிற்றுப்போக்கு பரவியதாகச் செய்தி வருவதும், மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்து, தண்ணீர் இப்போது சரியாக இருக்கிறது என்ற அறிவிப்போடு அந்தச் செய்தி அடங்கிவிடுவதும் நமக்குப் பழகிப்போய்விட்டன. காரணம் காலராக் கிருமி என்றால் இந்த நடவடிக்கையில் பயன் உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடல் ஒட்டுண்ணி என்றால் இல்லை. தடித்த ஓட்டுக்குள் அடங்கி மலத்தில் வெளியேறும் அந்த ஒட்டுண்ணியைக் குடிநீரில் சேர்க்கும் அளவு குளோரின் அழிப்பதில்லை. பாக்டீரியாவை மட்டும் தேடும் சோதனையோ அத்தகைய தண்ணீருக்கும் நற்சான்று கொடுத்துவிடும்.

கொல்கத்தா உட்பட ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் 7 இடங்களில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு, கைக்குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு ரோட்டா வைரஸுக்கு அடுத்த காரணம் கிரிப்டோஸ்போரிடியமே என்று கண்டது. ரோட்டாவுக்குத் தடுப்பூசி இருக்கிறது, இதற்கு இல்லை.

ஆனால் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதாது. சாயமேற்றிய ஸ்லைடில் 4 முதல் 6 மைக்ரான் அளவுள்ள சிவப்பு உருண்டைகளாக அது தெரியும். பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே தொற்றும் ஹோமினிஸ் இனமும், கன்றுக்குட்டிகளிடமிருந்தும் தொற்றக்கூடிய பார்வம் இனமும் அங்கே அச்சாக ஒன்றுபோலவே இருக்கும். ஆண்டுக்கணக்கில் மைக்ராஸ்கோப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் வேறுபாடு பிடிபடாது. மரபணுச் சோதனையில்தான் இரண்டும் பிரியும். ஜிபி60 என்ற மரபணுவில் சில மூன்றெழுத்துத் தொகுதிகள் அடுத்தடுத்துத் திரும்ப வருகின்றன. அவை எத்தனை முறை வருகின்றன என்று எண்ணித்தான் துணைவகைக்குப் பெயரிடுகிறார்கள். பார்வத்திலேயே 2ஏ குடும்பம் மாடுகளிடம் மிகுதி, 2சி குடும்பம் மனிதரிடையே பரவுவது. ஆகவே பார்வம் என்று தெரிந்த உடனேயே மாட்டுத் தொழுவத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் மில்வாக்கி நகரமே சான்று. 1993 வசந்தத்தில் மிச்சிகன் ஏரி நீரைச் சுத்திகரித்து வழங்கிய நிலையத்தின் வழியாக இந்த ஒட்டுண்ணி பரவியதில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள். ஏரியில் கலந்தது கால்நடைக் கழிவா, இறைச்சிக்கூடக் கழிவா, மனிதக் கழிவா என்ற ஐயம் அப்போது தீரவில்லை. பின்னர் சில நோயாளிகளின் மாதிரிகளை மரபணு முறையில் பார்த்தபோது மனிதரிடையே பரவும் வகையே தென்பட்டு, ஐயம் சாக்கடையின் பக்கம் திரும்பியது. பிரிட்டனில் 2001-இல் கோமாரி நோய் காரணமாகப் பண்ணைப் பகுதிகளில் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டபோது பார்வம் தொற்று குறைந்ததை அந்நாட்டு ஆய்வாளர்களால் சொல்ல முடிந்ததும், அங்கே மாதிரிகளை வகைபிரிக்கும் வழக்கம் இருந்ததால்தான்.

நம் மாநிலத்திலேயே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் குடிசைப் பகுதிக் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து, தொற்றில் பெரும்பகுதி ஹோமினிஸ் இனம் என்று காட்டியிருக்கிறார்கள். பாட்டில் தண்ணீர் குடித்த குழந்தைகளுக்கும் நகராட்சித் தண்ணீர் குடித்த குழந்தைகளுக்கும் இடையே தொற்றில் வேறுபாடு இல்லை என்று 2013-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் முக்கியமானது. அப்படியானால் குடிநீரை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. கழிப்பறை, கை கழுவுதல், குழந்தையின் மலத்தை அப்புறப்படுத்தும் முறை ஆகியவற்றையும் கவனித்தாக வேண்டும். இவ்வளவு தெரிந்த மாநிலத்தில், ஒரு பரவலின்போது மரபணுச் சோதனை செய்ததாக நாளிதழ்களில் நான் படித்த நினைவில்லை.

கருவி இல்லை என்று சொல்ல முடியாது. கொரோனா காலத்தில், 2021-இல், சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அரசே மரபணுப் பகுப்பாய்வுக் கூடத்தைத் திறந்தது, மாவட்டங்களிலும் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். கருவிகள் வந்தன. தடை மிகச் சிறிய இடத்தில்கூட இருக்கலாம்: மல மாதிரியை, அது கெடாமல் இருக்கப் பயன்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டால் மரபணு சிதைந்து, பிறகு பி.சி.ஆர். செய்வது கடினம். வயிற்றுப்போக்கு பரவும் இடத்தில் சிலரின் மாதிரிகளையாவது ஃபார்மலின் சேர்க்காமல் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புமாறு மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்குப் பொது சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். முடிவுகளை ஊர் வாரியாக வெளியிடவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
காட்பாடி.