வாங்கிய ஸ்ட்ரீமால் என் பாட்டே போனது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இளைஞர் பகுதியில், சொந்தமாகப் பாட்டு வெளியிடுகிறவர்களுக்கு ஒரு யோசனை போட்டிருந்தீர்கள்: "தொடக்கத்தில் கொஞ்சம் ஸ்ட்ரீம் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை." ஸ்ட்ரீம் என்றால் இணையச் செயலியில் ஒரு பாட்டை ஒரு தடவை கேட்பது, அந்த எண்ணிக்கையைக் காசு கொடுத்து ஏற்றிக்கொள்ளச் சொல்கிறீர்கள். 20 வருடமாக உங்கள் பத்திரிகை வருகிற வீடு எங்களுடையது. நீங்களா இப்படி எழுதினீர்கள் என்று மனசு ஆறவில்லை.

நான் வாங்கினவன். மஞ்சள் விற்ற காசில், பெரியப்பாவின் உடுக்கையை வைத்து கோபியில் ஒரு பாட்டு பதிவு செய்தோம். 300 பேர் கேட்டார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒருவர், 6,000 ரூபாய்க்கு 50,000 ஸ்ட்ரீம், எல்லாம் நிஜ ஆட்கள் என்றார். எண்ணிக்கை ஏறியது. எங்கிருந்து என்று பார்த்தால் நான் கேள்விப்படாத வெளிநாட்டு ஊர்கள். சத்தி, பவானி, ஈரோடு எதுவும் இல்லை, ஒருவர்கூடப் பாட்டைச் சேமித்து வைக்கவில்லை. அடுத்த மாதம், நம் பாட்டைச் செயலிகளில் ஏற்றி வரும் காசை வாங்கித் தருகிற டிஸ்ட்ரிபியூட்டர் நிறுவனத்தார் பாட்டை நீக்கிவிட்டு இருந்த பணத்தையும் நிறுத்திவிட்டார்கள். 3 தடவை எழுதியும் பதில் இல்லை. "பாட்டை ஏன் எடுத்துட்டாங்க?" என்று பெரியப்பா கேட்கிறார், இன்னும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை. போலி ஸ்ட்ரீம் மிகுந்த பாட்டுக்கு, பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை 2024 முதல் டிஸ்ட்ரிபியூட்டரிடம் அபராதம் வாங்குகிறது, அது கடைசியில் பாடினவன் தலையில்தான் விழும். 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் வராத பாட்டுக்கு அங்கே காசும் இல்லை, அந்தப் பயத்தில்தான் பையன்கள் ஸ்ட்ரீம் விற்கிற ஏஜென்ட்டிடம் போகிறார்கள். ஆனால் எல்லாருக்குமான பணம் ஒரே குவியலில் இருந்து ஸ்ட்ரீம் கணக்குப்படி பிரிகிறது, போலி ஸ்ட்ரீம் எடுக்கிற பங்கு மற்றவர்கள் பங்கில்தான் குறையும். கொடிவேரி வாய்க்காலில் முறை தப்பி மடை திறந்தால் கடைமடைக்காரன் வயல் காயும், அதே கதைதான். அமெரிக்காவில் ஆள் கேட்பதுபோலத் தானாகப் பாட்டை ஓட்டுகிற 'பாட்' (bot) நிரல்களை வைத்து 1 கோடி டாலருக்கு மேல் எடுத்ததாக ஒருவர் மீது 2024 செப்டம்பரில் வழக்கே போட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாட்டு வந்தபோது உங்கள் நிருபரிடம் செய்தி கொடுத்தேன். எத்தனை பேர் கேட்டார்கள் என்றார், 300 என்றேன், திரும்பக் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் அந்த 6,000 கொடுத்தேன். எங்கள் ஊர் வள்ளி கும்மிப் படம் போட்டபோதும் பாடினவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை, கடிதம் எழுதினேன், அது வெளிவரவே இல்லை.

அடுத்த இதழில் அதே பக்கத்தில் 2 வரி திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் வருகிற '1 லட்சம் ஸ்ட்ரீம் உத்தரவாதம்' விளம்பரத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகன்