பொருள்: 161 முதல் 176 வரை பக்கங்கள் இல்லாத நாவல் – நான்காவது கடிதம்

பதிப்பகத்தாருக்கு வணக்கம்.

ஓய்வுபெற்ற வீரர்கள் ஒரு கிராமத்தில் குடியேறும் உங்கள் நாவலைப் பற்றி நான் எழுதும் நான்காவது கடிதம் இது. அட்டையில் ஆட்டுக்குட்டி போட்ட நாவல். முதல் மூன்று கடிதங்களுக்கும் "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது.

160ஆம் பக்கத்தில் அந்தக் கிழட்டு வாள்வீரர் கோழிக்கூண்டுக்குத் தாழ்ப்பாள் தேடுகிறார். பக்கத்து வீட்டுச் சிறுமி பரணில் கிடக்கும் வாளைக் காட்டி, அது யாருடையது என்று கேட்கிறாள். பக்கத்தைத் திருப்பினால் மறுபடி 145. படித்த பதினாறு பக்கமும் இன்னொரு தடவை. அது முடிந்ததும் நேரே 177. அங்கே மந்திரக்காரப் பாட்டிக்கு ஒரு புருவத்தைக் காணோம், வாளையும் காணோம்.

என் அப்பா முப்பது வருஷம் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். இப்போது கண் சரியில்லை. ராத்திரியில் நான் வாசிக்க, அவர் கேட்பார். பக்க எண்ணைச் சொன்னதுமே, "பத்தாவது ஃபாரம் ரெண்டு தடவ விழுந்திருக்கு, பதினொண்ணு விழல" என்றார். ஃபாரம் என்றால் பதினாறு பக்கமாக மடித்த ஒரு அச்சுத்தாள். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகு மடிப்பிலும் ஒரு கருப்புக் குறி போடுவார்களாம். சரியாக அடுக்கினால் குறிகள் படிக்கட்டு போல இறங்கும். ஒரு ஃபாரம் மாறினாலும் படி உடைந்து தெரிந்துவிடும். அட்டை ஒட்டுவதற்கு முன்னால் அதைப் பார்க்க உங்களிடம் ஆள் இல்லையா?

உங்கள் சேவை மையத்தில் பேசியவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "மொத்தப் பக்கம் சரியாத்தான சார் இருக்கு?" என்றார். ஒரு ஃபாரம் இரண்டு முறை விழுந்து இன்னொன்று விடுபட்டால் கனம் சரியாகத்தான் இருக்கும்! அதை விளக்கினேன். "பதினாறு பக்கம்தான, கதைய ஊகிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். போர்க்கதையாக இருந்தால் யார் ஜெயித்தார் என்று ஊகிக்கலாம். இது சண்டையெல்லாம் முடிந்தபிறகு நடக்கும் கதை. ஒரு கிழவர் தன் வாளை என்ன செய்தார் என்பதுதான் கதையே. அதை எப்படி ஊகிப்பது? உங்கள் புத்தகத்தை ஒரு வரிகூடப் படிக்காதவரையா போனில் உட்கார வைத்திருக்கிறீர்கள்?

சொல்ல விட்டுவிட்டேன். அதற்கு முன்பே மாற்றுப்பிரதி ஒன்று அனுப்பினீர்கள். அதிலும் இதே பிழை. அப்படியானால் ஒரு கட்டு முழுவதுமே இப்படித்தான் இருக்க வேண்டும். வாங்கிய மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டாமா? அந்த இரண்டாவது பிரதியை எடுத்துக்கொண்டு, உங்கள் ஆள் சொன்னபடி, அரைநாள் விடுப்பு போட்டுக் கிடங்குக்குப் போனேன். வந்த உறை இல்லாமல் வாங்க மாட்டோம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். உறை வேண்டும் என்று போனில் யாருமே சொல்லவில்லை.

ஒரு மாதமாக எங்கள் வீட்டில் வாசிப்பே நின்றுவிட்டது. "அந்த வாள் என்னாச்சு?" என்று அப்பா தினமும் கேட்கிறார். வேலையை விட்டபிறகு அவர் இவ்வளவு ஆசையாகக் கேட்ட கதை வேறில்லை. நீங்கள் பறித்துக்கொண்டது ஒரு கிழவரின் ராத்திரிகளை.

தயவுசெய்து பிரித்துப் பார்த்துச் சரிபார்த்த பிரதி ஒன்றை அனுப்புங்கள். அது வரும்வரை அந்தப் பதினாறு பக்கங்களை மட்டுமாவது மின்னஞ்சலில் அனுப்புங்கள், இன்றே வாசித்துக் காட்டிவிடுவேன். பத்து நாளுக்குள் இரண்டுமே வராவிட்டால், இரண்டு பிரதிகளோடும் இந்த நான்கு கடிதங்களோடும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாவலாசிரியருக்கும் எழுதுவேன். தன் புத்தகம் இப்படிப் போய்ச் சேர்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். அந்த நபரை மறுபடி போனில் பேச வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்