முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையை இரவிலும் செய்யக் கோரும் மூன்றாவது மனு

பெறுநர்: மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்

பொருள்: கைக்குழந்தைகளுக்கு எடுக்கும் முதுகுத்தண்டு நீரை எடுத்த உடனே பரிசோதிக்க ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருளில் இரண்டு மனுக்கள் கொடுத்திருக்கிறேன். முதல் மனு "உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது" என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. தங்கள் வேலைப்பளு தெரிந்தும் மறுபடி எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும்.

1. என் மகளுக்கு அப்போது 38 நாள். காய்ச்சல், பால் குடிக்கவில்லை, தூக்கினால் வீறிட்டாள், உச்சிக்குழி புடைத்திருந்தது. இந்த வயதில் கழுத்து விறைப்பு பெரும்பாலும் தெரியாது, மூளைக்காய்ச்சலா என்பதை முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துத்தான் சொல்ல முடியும் என்றார் டியூட்டி டாக்டர். சரி என்று கையெழுத்துப் போட்டோம். டாக்டர்கள் மீதும் நர்ஸ்கள் மீதும் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

2. இரவு பத்து மணிக்கு நீர் எடுத்தார்கள். சொட்டுச் சொட்டாக, மூன்று டியூப். அதை என் கணவர் கையில் கொடுத்து லேபுக்குப் போகச் சொன்னார்கள். குழந்தைகள் வார்டிலிருந்து லேப் எவ்வளவு தூரம் என்று தங்களுக்குத் தெரியும். மூன்று மாடி இறங்கி, பழைய கட்டடத்தைச் சுற்றி, அந்த விளக்கில்லாத நடைபாதையில் போக வேண்டும். போனார். பூட்டியிருந்தது. திரும்பி வந்தார். மூன்று டியூப்பையும் வார்டு ஃபிரிட்ஜில் வைத்தார்கள்.

காலையில் லேபில் சொன்னது இதுதான். வெளியே வைத்தால் இரண்டு மணி நேரத்திலேயே வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்பவை ஏறக்குறைய பாதி அழிந்துவிடும். குளிரில் வைத்தால் கல்ச்சருக்கான, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கான, டியூப்பில் உள்ள சில கிருமிகள் செத்துவிடும். வைரஸ் சோதனைக்கான டியூப்பை மட்டும்தான் குளிரில் வைக்கலாம். ஆக, எடுத்த நீர் வீண். மறுபடி ஊசி.

இரண்டாவது முறை ஆள் போதவில்லை. முழங்காலை நெஞ்சோடு மடக்கி, முதுகை வளைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டது நான். பெற்றவள்.

3. இந்த இடத்தைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். முதல் ஊசி முடிந்ததுமே ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிட்டார்கள். அதில் தவறில்லை, பாக்டீரியாவாக இருந்தால் காத்திருக்க முடியாது. ஹெர்பிஸ் வைரஸாக இருக்குமோ என்று அதற்கும் தனி மருந்து ஏற்றினார்கள். ஆனால் இரண்டாவது நீர் எடுத்தபோது மருந்து உள்ளே போய்ப் பல மணி நேரம் ஆகியிருந்தது. அதனால் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்று வந்தும் அதை நம்ப முடியவில்லை. பாக்டீரியா என்றால் பொதுவாக நீரில் குளுக்கோஸ் குறையும், புரதம் நிறையக் கூடும்; இதில் குளுக்கோஸ் குறையவில்லை, புரதம் கொஞ்சம்தான் கூடியிருந்தது. "வைரஸ் மாதிரிதான் தெரிகிறது, ஆனால் துணிந்து மருந்தை நிறுத்த முடியாது" என்றார் டாக்டர். அவர் வேறு என்ன சொல்வார்?

அப்புறம் பிசிஆர், அதாவது வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை. சிறு குழந்தைகளுக்கு வைரஸ் இருந்தும் நீரில் வெள்ளை அணுக்கள் கூடாமல் இருப்பதுண்டாம், அதனால் பிசிஆர்தான் உறுதியான வழி என்றார்கள். இயந்திரத்தில் வைத்தால் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும் சோதனை. வெளியே அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது: எண்டெரோ வைரஸ். பாக்டீரியா மருந்து தேவையே இல்லாத, பெரும்பாலும் கவனிப்பிலேயே குணமாகிற வகை. அதற்குள் ஐந்து முறை நரம்பு மாற்றி ஊசி குத்தியாயிற்று. கடைசியில் தலையில்.

4. ஐயா, ஒரு லேப் கதவு பூட்டியிருந்ததற்காக இத்தனை நாள்!

5. நான் கேட்பது புதுக் கட்டடம் அல்ல. இரவில் கூப்பிட்டால் வர ஒரு லேப் டெக்னீஷியன். டியூப்பைக் கொண்டுபோக ஒரு பணியாளர். பெற்றோர் கையில் கொடுக்காதீர்கள். எந்த டியூப் குளிரில், எது வெளியே என்று வார்டு சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள், அதற்குமா கோப்பு நகர வேண்டும்? நீர் எடுக்கும்போதே ரத்த குளுக்கோஸும் எடுக்க வேண்டும், அதோடு ஒப்பிட்டால்தான் நீரின் குளுக்கோஸுக்கு அர்த்தம் என்று எனக்கே இப்போது தெரிகிறது. பிசிஆர் இங்கேயே செய்ய முடியாவிட்டால், அன்றே அனுப்பி முடிவைப் போனிலாவது கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இரவிலும் லேப் திறந்திருக்க வேண்டும். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், இரவிலும் திறந்திருக்க வேண்டும்.

என் மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். அவளுக்காக இதை எழுதவில்லை. நேற்று இரவும் அந்த வார்டில் ஒரு குழந்தைக்கு நீர் எடுத்தார்களாம். அந்த டியூப்புகள் எங்கே இருந்தன என்று விசாரித்து, எனக்கு ஒரு வரி பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்

இணைப்பு: முந்தைய இரு மனுக்களின் நகல்கள்