கிராஃபிக்ஸ் கார்டுக்கு முன்னால் எஸ்.எம்.பி.எஸ்.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினியில் புது கிராஃபிக்ஸ் கார்டு போடுவது பற்றிச் சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த விலைக்கு எந்தக் கார்டு, எது எடிட்டிங்குக்கு, எது விளையாட்டுக்கு என்று நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தக் கார்டுக்கு மின்சாரம் கொடுக்கப்போகும் எஸ்.எம்.பி.எஸ். பற்றி ஒரு வரிகூட இல்லை. மதுரையில் கணினி சர்வீஸ் செய்து பிழைப்பவன் நான். அந்தப் பட்டியலை நம்பி நாளைக்கே கடைக்குப் போகப்போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் அனிமேஷன் படிக்கும் ஒரு மாணவி தன் கணினியைக் கொண்டுவந்தார். வீட்டில் பணம் சேர்த்து ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். படம் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் ரெண்டர் கொடுத்தால், அதாவது செய்த காட்சியை முழுப் படமாக உருவாக்கச் சொன்னால் மட்டும் திரை கறுத்து, கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். கார்டு விற்ற கடையில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார்கள், ரேமை மாற்றச் சொன்னார்கள், கடைசியில் கார்டிலேயே கோளாறு என்று சொல்லிவிட்டார்கள். கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

அந்த லேபிளில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதில் 12 வோல்ட்டுக்கு நேரே இருந்தது 18 ஆம்பியர். 12ஐ 18ஆல் பெருக்கினால் வருவது 216 வாட்தான். கார்டும் பிராசஸரும் நம்பியிருப்பது இந்த 12 வோல்ட்டை. 3060 முழு வேகத்தில் ஓடினால் 170 வாட் எடுக்கும். அவர் கணினியில் இருந்த ஐ5 12400 பிராசஸர் உச்சத்தில் 117 வாட் வரை போகும். இந்த இரண்டுக்குமே 287 ஆகிவிட்டது. மதர்போர்டு, ஃபேன், ஹார்ட் டிஸ்க் எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. அப்படியானால் மீதி வாட் எங்கே? 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். பெண்டியம் 4க்கு முந்தைய கணினிகளுக்கு அது பெரிதும் தேவைப்பட்டது. இன்றைய கார்டுக்கு உதவாது. மொத்தச் சம்பளத்தைச் சொல்லிக் கடன் வாங்கிவிட்டு, பிடித்தம் போகக் கைக்கு வருவதில் தவணை கட்ட முடியாமல் திணறுவது போன்ற நிலைதான் அந்தக் கணினிக்கு.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. இந்தக் கார்டுகள் ஒரே சீராக மின்சாரம் எடுப்பதில்லை. கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்குத் தம் அளவைத் தாண்டி வெடுக்கென்று இழுக்கும். இதை உத்தேசித்துத்தான் 2022இல் எஸ்.எம்.பி.எஸ்.களுக்கென்று வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறையில், 100 மைக்ரோ நொடிக்குத் தன் அளவைப்போல் இரு மடங்கு வரை எஸ்.எம்.பி.எஸ். தாங்க வேண்டும் என்று சேர்த்தார்கள். 3060க்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று அதன் சிப்பை வடிவமைத்த என்விடியா நிறுவனமே சொல்வதும் காரணமில்லாமல் இல்லை. அந்த மாணவியின் கணினியில் நல்ல தரமான 650 வாட் போட்டோம். அதே கார்டு, அதே ரேம். இரவெல்லாம் ரெண்டர் ஓடுகிறது.

அடுத்து பிளக். மதர்போர்டு ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு 75 வாட் வரை கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 6 பின் கேபிள் 75 வாட்டும் 8 பின் கேபிள் 150 வாட்டும் தரும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இந்தக் கேபிளே இல்லையென்றால், இந்த வேலைக்கு அது செய்யப்படவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் கடையில் என்ன செய்கிறார்கள்? ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக்கிலிருந்து 6 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். அதில் போய் 75 வாட் இழுத்தால் பிளக் சூடேறாமல் என்ன செய்யும்? ஓரம் உருகி, பழுப்பேறி, பின்னோடு ஒட்டிக்கொண்ட கன்வெர்ட்டர்களைக் கழற்றி எடுத்திருக்கிறேன். தீப்பிடிக்க அதற்கு மேல் அதிகம் வேண்டாம். இதை விற்பதே தவறு என்பேன்.

கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் வகையிலும் கவனம் வேண்டும். ஒரு கம்பெனியின் கேபிள் இன்னொன்றில் கச்சிதமாகப் பொருந்தும். உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும். மாற்றி மாட்டினால் ஹார்ட் டிஸ்க்கோ மதர்போர்டோ போய்விடும்.

பிள்ளைகளுக்காக அலுவலகங்களில் கழித்த பிராண்டட் கணினிகளை வாங்குவோர் இப்போது நிறைய. அவற்றில் பலவற்றில் இருப்பது 200லிருந்து 300 வாட்டுக்குள் அடங்கும் எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றில் மதர்போர்டுக்குப் போகும் பிளக்கும் வழக்கமான 24 பின் கிடையாது. வெளியில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸை அப்படியே வாங்கி மாட்ட முடியாது. அப்படிப்பட்ட கணினிக்கு, தனி மின் கேபிள் கேட்காத கார்டே பொருத்தம். ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வாட்டில் ஓடும். ஜிடிஎக்ஸ் 1650இலும் கேபிள் இல்லாத மாடல்கள் உண்டு. கேபினெட்டின் உயரத்துக்கு ஏற்றதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் சரி.

யு.பி.எஸ்.ஸையும் விட்டுவிடக் கூடாது. வீடுகளில் இருக்கும் 600 விஏ யு.பி.எஸ். பொதுவாகத் தாங்குவது 360 வாட். புதுக் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து கைவிட்டுவிடும்.

பட்ஜெட் இடிக்கிறது என்பார்கள். நியாயம்தான். அப்போது கார்டில் ஒரு படி இறங்கி, மிச்சமாகும் பணத்தை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் போடலாம். கார்டை இரண்டு மூன்று வருடத்தில் மாற்றத் தோன்றும், நல்ல எஸ்.எம்.பி.எஸ். அடுத்த கார்டுக்கும் உழைக்கும். '80 பிளஸ்' முத்திரை இருந்தால் நல்லது. ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் வருகிறது என்பதற்கான சான்றுதான். மற்றத் தரத்துக்கெல்லாம் அது பொறுப்பேற்காது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கார்டுகளின் பட்டியல் வெளியிடும்போது விலைக்குப் பக்கத்திலேயே அது எடுக்கும் வாட், கேட்கும் பிளக், 12 வோல்ட்டில் தேவைப்படும் ஆம்பியர் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். லேபிளில் எதை எங்கே படிப்பது என்று காட்ட ஒரு புகைப்படமும் போட்டால் இன்னும் நல்லது. படம் வேண்டுமென்றால் நானே எடுத்து அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
கணினி சர்வீஸ் செய்யும் வாசகர்,
மதுரை.