ஒத்தக்கடையில் உதவிய அண்ணனுக்கு

போன ஞாயிறு ஒத்தக்கடையில் என் புல்லட்டை நிறுத்தி, "என்ன தம்பி, பாட்டை விட இரைச்சல் ஜாஸ்தியா இருக்கு?" என்று கேட்ட அண்ணனுக்கு இந்த நன்றி. பேரைக் கேட்டேன், சிரிப்புதான் பதில்.

ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க, வண்டியில் மாட்டியிருக்கும் எஃப்எம் ரேடியோவின் ஸ்பீக்கரில் 'கொர்ர்' என்று இரைச்சல் ஏறும். ஆம்ப்ளிஃபையரை மாத்தணும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அண்ணன் அதைத் தொடவே இல்லை. பிளக்கில் பொறி வர மின்சாரம் அனுப்பும் இக்னிஷன் காயிலை ஒட்டிப் போன ஆன்டெனா வயரை டேங்குக்கு மறுபக்கமாகத் திருப்பினார். ஆன்டெனா அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, எர்த்தை நேராக இரும்போடு பிடிக்க வைத்தார். அங்கேயே பாதி இரைச்சல் போய்விட்டது!

"எஃப்எம்முக்கு முக்கால் மீட்டர் கம்பி வேணும், இது சாண் அளவுதான இருக்கு" என்றார். வீட்டில் கணக்குப் போட்டேன். கொடைக்கானல் வானொலியான கோடை எஃப்எம் 100.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 3 மீட்டர், ஆன்டெனா கம்பிக்கு அதில் கால்பங்கு வேணும், அது 75 செ.மீ. மனுஷன் மனக்கணக்கிலேயே சொல்லியிருக்கிறார். கூலி கொடுத்தால் கையைத் தட்டிவிட்டார்.

நீங்க சொன்ன, இரைச்சலைக் குறைக்கிற ரெசிஸ்டர் பிளக்கும் போட்டாச்சுண்ணே, மிச்சக் கரகரப்பும் போச்சு. இப்ப மேலூர் தாண்டியும் தெளிவாக் கேக்குது. ரொம்ப நன்றிண்ணே.